இரண்டு புள்ளி ஆறு ஆறு

அத்தியாயம் 17

மே இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மரியோன் ஐந்து மணிக்கே எழுந்து, ஏற்கெனவே இஸ்திரி போட்டு மாட்டியிருந்த வெள்ளைச் சட்டைக்கு மறுபடியும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே கொன்ராட் தபால்காரச் சீருடையின் பொத்தான்களை மாட்டினான்.

"உனக்கு எல்லாமே விளையாட்டு."

"விடு மரியோன். ஒரு பேப்பர். அவ்வளவுதானே?"

"ஊரெல்லாம் பேப்பர் போடுறவனுக்கு எல்லாமே பேப்பர்தான். இந்தப் பேப்பர் என்னன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கொன்ராட் சிரித்தான். ஆனால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

அந்தப் பேப்பர் என்னவென்று ஷ்டைன்பாக்கில் எல்லோருக்கும் தெரியும். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜெர்மன், கணக்கு, சூழ்நிலையியல் என்று மூன்று பாடங்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்து எழுதிக் கொடுக்கிற நாள் இது. இரண்டு புள்ளி மூன்று மூன்று வரை இருந்தால் கிம்னாசியம். அதன் மறுமுனையில் பல்கலைக்கழகம். இரண்டு புள்ளி ஆறு ஆறு என்றால் ரியால்ஷூலே; பதினாறு வயதில் ஏதாவது அலுவலகத்தில் தொழில் கற்கப் போகலாம். அதற்கு மேலே போனால் மிட்டல்ஷூலே; பதினைந்து வயதில் கைத்தொழிலுக்குப் போக வேண்டியதுதான். இங்கே எண் ஏற ஏற பிள்ளை இறங்கும்.

பத்து வயது ஹன்னி சமையலறை மேஜையில் வெண்ணெய் தடவிய ரொட்டியை நாலாகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, ஒரு துண்டைக்கூட வாயில் வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கடைசி ஜெர்மன் தேர்வில் கட்டுரையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு அவள் வெளியே ஓடி வந்ததையும், அந்தத் தாளுக்கு என்ன மதிப்பெண் என்று திருமதி ஆல்ட்மான் இன்றுவரை வாய் திறக்காததையும் போன வாரம் பார்த்தோம்.

"சாப்பிடு கண்ணு."

"வயிறு வேண்டாங்குது."

"வயிறு வேண்டாங்காது. நீதான் வேண்டாங்கற. சரி விடு, அக்கா இல்லையா நமக்கு? என்ன வந்தாலும் அக்கா பார்த்துப்பா."

மரியோனுக்கு எந்தக் கவலையும் அந்த ஒரு வாக்கியத்தில் போய் முடியும். அக்கா இருக்கிறாள். வெரோனிகா, பிர்ட்ஸர் குடும்பத்தில் முதன்முதலாக கிம்னாசியம் முடித்தவள்; நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கணக்கு ஆசிரியைக்குப் படித்துக்கொண்டிருப்பவள். ஈஸ்டருக்கு வந்து ஒரே நாளில் திரும்பிப் போனவள். "பரீட்சை ரிசல்ட் இன்னும் வரலைம்மா" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னவள்.

*

தபால் பிரிக்கும் கொட்டகையில் ஏழு மணிக்குள் கொன்ராட் தன் பெட்டிகளை நிரப்பிவிட்டான். நேற்று மே முதல் தேதி விடுமுறை. ஊர்ச் சதுக்கத்தில் மே மரம் என்கிற அலங்காரக் கம்பத்தை நட்டுவிட்டு, அதன் கீழேயே பாதி ஊர் குடித்துத் தீர்த்தது. இன்று இரண்டு நாள் தபால்.

"கொன்ராட்!" எதிர் மேஜையிலிருந்து ஸிக்கி கூப்பிட்டான். கையில் மஞ்சள் உறை. "உன் வீட்டுக்கே மஞ்சளா? யாரு வண்டியை விரட்டினது? நீயா, மரியோனா?"

மஞ்சள் உறை என்றால் அரசாங்கக் கடிதம். கொண்டு போகிறவன் எந்தத் தேதியில் சேர்த்தான் என்று உறையின் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்து எழுதுவதற்கான கெடுவை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணத் தொடங்குவார்கள். பெரும்பாலும் வேகமாக வண்டி ஓட்டினவர்களுக்கு வரும். சில நேரம் நீதிமன்றத்திலிருந்து வரும். முப்பத்திரண்டு வருஷத்தில் மஞ்சள் உறையைக் கொடுத்துவிட்டு ஒரு வீட்டிலும் அவன் நன்றி வாங்கியதில்லை.

"மரியோனாத்தான் இருக்கும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டான்.

வெரோனிகா பிர்ட்ஸர் என்று போட்டிருந்தது. அனுப்பியவர் இடத்தில் பல்கலைக்கழகத் தேர்வு அலுவலகம்.

கொன்ராட் அதை மற்ற கடிதங்களுக்கு நடுவே செருகினான். பிறகு எடுத்தான். மறுபடியும் செருகினான்.

"ஸிக்கி, எங்க தெருவை மட்டும் நீ இன்னைக்குப் பார்த்துக்கறியா?"

"என்னடா, உன் வீட்டுக்குக் கடிதாசி போட உனக்கு வெட்கமா?"

"இல்ல. சும்மா கேட்டேன். நானே போறேன்."

பத்தரை மணிக்குத் தன் வீட்டு வாசலில் மஞ்சள் சைக்கிளை நிறுத்தினான். மரியோன் மருத்துவமனையில் இருப்பாள். முப்பது வருஷமாக டாக்டர் ஒருவரின் முன்மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வதுதான் அவள் வேலை. வீட்டில் யாரும் இல்லை.

உறையின் மேல் தேதி எழுதினான். நேரம் எழுதினான். கையெழுத்துப் போட்டான். சட்டப்படி தன் வீட்டுத் தபால் பெட்டிக்குள் போட்டான். மூடி விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் பையிலிருந்து தன் சாவியை எடுத்து, அதே பெட்டியைத் திறந்து, அதே உறையை எடுத்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

மகளின் பெயருக்கு வந்த கடிதம். பிரிக்க அவனுக்கு உரிமை இல்லை. பிரிக்கவும் தேவையில்லை. நல்ல சேதியாக இருந்தால் வெள்ளை உறையில் வந்திருக்கும்.

*

பள்ளி வாசலில் அம்மாக்கள் நிற்பதைப் பார்த்தாலே யாருக்கு என்ன எண் என்று சொல்லிவிடலாம். காகிதத்தை விரித்துப் பிடித்திருந்தவர்கள் ஒரு பக்கம். மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டவர்கள் இன்னொரு பக்கம்.

ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்த மரியோனை அடுத்த வீட்டு திருமதி ஷெட்ல்பாவர் முதலில் பிடித்தாள்.

"எங்க லுட்விக்குக்கு ஒண்ணு புள்ளி ஆறு ஆறு. சத்தியமா சொல்றேன் மரியோன், அவன் ஒண்ணுமே படிக்கல. பந்தும் கையுமாத்தான் திரிஞ்சான். எப்படி வந்துச்சுன்னே தெரியல."

எப்படி வந்தது என்று மரியோனுக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் திங்களும் வியாழனும் தனிவகுப்பு ஆசிரியரின் நீலக் கார் அவர்கள் வாசலில்தான் நிற்கும்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள்.

"ஹன்னிக்கு?"

"இனிமேதான் பார்க்கணும்."

பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஹன்னி படிக்கட்டில் இறங்கி வந்த விதமே போதும். இரண்டு கைகளாலும் காகிதத்தைத் தட்டு மாதிரி ஏந்தி, கீழே சிந்திவிடுமோ என்பது போல வந்தாள்.

ஜெர்மன், மூன்று. கணக்கு, மூன்று. சூழ்நிலையியல், இரண்டு. சராசரி 2.66.

"ஸாரிம்மா."

மரியோன் அவள் தலையைத் தடவினாள். "இங்கேயே உட்காரு. அம்மா ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்."

வகுப்பறையில் திருமதி ஆல்ட்மான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "உட்காருங்க திருமதி பிர்ட்ஸர்" என்றார். அன்று காலையிலிருந்து எத்தனை பேருக்கு அந்த நாற்காலியைக் காட்டியிருப்பாரோ.

"ஜெர்மன்ல மூணா, டீச்சர்?"

"கணக்குப் போட்டா ரெண்டு புள்ளி அஞ்சு நாலு வருது. அதை மூணுன்னுதான் எழுத முடியும்."

"நூறுல நாலு பங்கு. அதுக்காகவா?"

"கடைசித் தேர்வுல கட்டுரை பாதிதான் இருக்கு. பாதிக் கட்டுரைக்கு நான் என்ன போடுறது?"

"ஒரு ரெண்டு போட்டிருந்தா உங்க கை ஒடிஞ்சா போயிருக்கும்?"

திருமதி ஆல்ட்மான் துடைப்பானைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் மரியோனுக்குத் தாங்கவில்லை.

"ஒடிஞ்சிருக்காது. ஆனா இன்னும் ஏழு அம்மா வரிசையில இருக்காங்க. போன வருஷம் ஒருத்தர் வக்கீலோட வந்தார். ரியால்ஷூலே நல்ல பள்ளிக்கூடம்தாங்க. அங்கே இருந்தும் மேல போகலாம்."

"போகலாம்னு எல்லாரும் சொல்றீங்க. போனவங்க யாருன்னு ஒரு பேரு சொல்லுங்க பார்க்கலாம், இந்த ஊர்ல."

திருமதி ஆல்ட்மான் மேஜை மேலிருந்த தாள்களை அடுக்கினார்.

"மூணு நாள் தேர்வு வகுப்பு இருக்கில்ல? கிம்னாசியத்துலயே நடக்குமே, தேறினா அங்கேயே சேர்த்துக்குவாங்களே, அது?"

"இருக்கு. இந்த மாசம் நடுவுல. பெயர் கொடுக்க அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. வேற பள்ளிக்கூடம், வேற பிள்ளைங்க, முன்பின் பார்த்திராத மூணு டீச்சருங்க பின்னால உட்கார்ந்து குறிப்பெடுப்பாங்க. ஹன்னி நான் கேள்வி கேட்டாலே மேஜைக்கு அடியில பென்சில் தேடற பிள்ளை. நான் அனுப்ப மாட்டேன்."

"உங்க பிள்ளையா இருந்தா?"

அவர் மறுபடியும் துடைப்பானை எடுத்தார்.

"என் பையன் கிம்னாசியத்துலதான் படிக்கிறான்" என்றார்.

"ம்" என்று மரியோன் எழுந்தாள்.

அவளுக்கும் ஒரு காலத்தில் பத்து வயது இருந்தது. இதே கட்டடம்தான். அவளுடைய எண் கிம்னாசியத்துக்குப் போதுமானதாகவே இருந்தது. வீட்டுக்குக் கொண்டு போய்க் காட்டினாள். "பொண்ணுக்கு எதுக்கு லத்தீன்?" என்று அவள் அப்பா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார். யாரும் வாதாடவில்லை. அதற்கப்புறம் மருத்துவமனை முன்மேஜை.

வெளியே வந்ததும் போனை எடுத்தாள்.

"வ்ரோனி? இன்னைக்கே கிளம்பி வா. ரெண்டு புள்ளி ஆறு ஆறு. ரெண்டு வாரம்தான் இருக்கு. ஜெர்மனை நான் எப்படியாவது பார்த்துக்கறேன், கணக்கை நீ பாரு. உனக்கு வகுப்பு இருக்கும், தெரியும். ரெண்டு வாரம் லீவு போட முடியாதா, உன் தங்கச்சிக்காக?"

எதிர்முனையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"வர்றேன்மா" என்றாள் வெரோனிகா. "எனக்கு வகுப்பு ஒண்ணும் இல்ல."

*

மரியோன் போனில் சொன்ன நாலு பத்து ரயில் வரும்போது கொன்ராட் நடைமேடையில் சீருடையோடு நின்றான். வீட்டுக்குப் போய் உடை மாற்றினால் மரியோன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

வெரோனிகா பெரிய பெட்டியோடு இறங்கினாள். தோளில் இன்னொரு பை. கையில் சுருட்டிய தலையணை. இரண்டு வாரத்துக்கு வருகிறவள் தலையணை கொண்டு வரமாட்டாள்.

"அப்பா, நீயா வந்தே?"

கொன்ராட் சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்து நீட்டினான். அவள் பார்த்தாள். வாங்கினாள். பிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்ப்பா. மார்ச் இருபத்தெட்டாம் தேதியே தெரியும். இணையத்துல போட்டுட்டாங்க. இது சும்மா, முறைப்படி."

"என்ன தெரியும்?"

"மூணாவது தடவையும் போயிடுச்சு."

பயணிகள் நிழற்குடையின் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ரயில் போன பிறகு அந்தச் சின்ன நிலையத்தில் வேறு யாரும் இல்லை.

"ஒரே ஒரு பரீட்சைப்பா. மத்ததெல்லாம் பாஸ். அந்த ஒண்ணு மட்டும். முதல் தடவை ஒழுங்காப் படிக்கல, ஒத்துக்கறேன். ரெண்டாவது தடவை படிச்சேன். மூணாவது தடவை அதைத் தவிர வேற ஒண்ணுமே செய்யல. உள்ளே போய் உட்கார்ந்தேன், தாளைத் திருப்பினேன், என் கையை நானே பார்த்துக்கிட்டு இருந்தேன். அது எழுதல."

"மறுபடி எழுதினா?"

"மூணு தடவைதான். அதோட முடிஞ்சுது. பேரை எடுத்துட்டாங்க. இங்கே மட்டும் இல்ல, நாடு முழுக்க எந்தப் பல்கலைக்கழகத்துலயும் இந்தப் படிப்பை இனிமே நான் படிக்க முடியாது."

"நாடு முழுக்கவா?"

"நாடு முழுக்க."

கொன்ராட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "மார்ச்சுல இருந்து என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"

"காலையில எழுந்து, பையைத் தூக்கிக்கிட்டு லைப்ரரிக்குப் போவேன். சாயங்காலம் வருவேன். கார்டைக் காட்டினா கதவு திறந்துக்கும். போன வெள்ளிக்கிழமை காட்டினேன், திறக்கல. பின்னால ஒரு பையன் நின்னான். 'திருப்பி வெச்சுப் பாருங்க'ன்னான். திருப்பி வெச்சேன். அவனுக்கு வழிவிட்டுட்டு வந்துட்டேன்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அறையையும் இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். அதான் பெட்டி."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அம்மா மருத்துவமனைக்கு வர்ற ஒவ்வொரு நோயாளிகிட்டயும் 'எம் பொண்ணு'ன்னு ஆரம்பிக்கிறா. பல்வலிக்காரன் வழி தவறி வந்தாலும் சொல்றா."

கொன்ராட் தலையாட்டினான். அது உண்மை.

"நீ சொல்லேன்ப்பா, அம்மாகிட்ட."

அவன் தொப்பியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டான்.

"நான் கடிதாசி கொண்டு போய்க் கொடுக்கிறவன்மா. படிச்சுச் சொல்றவன் இல்ல. இதை நீதான் சொல்லணும்."

பெட்டியை அவன் தூக்கிக்கொண்டான். தலையணையை அவள் வைத்துக்கொண்டாள்.

*

வீட்டில் சாப்பாட்டு மேஜை பள்ளிக்கூடமாகியிருந்தது. புதிதாக வாங்கிய பயிற்சிப் புத்தகங்கள் மூன்று, சீவிய பென்சில்கள், அழிப்பான், தட்டில் வெட்டிய ஆப்பிள். நடுவில் அந்தத் தேர்வு வகுப்புக்கு ஒரு விண்ணப்பம். கீழே இரண்டு கோடுகள், தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று. தாயின் கோட்டில் மரியோன் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தாள்.

"வந்துட்டியா!" வெரோனிகாவை இறுகக் கட்டிக்கொண்டாள். "எவ்வளவு பெரிய பெட்டி! புத்தகமெல்லாம் கொண்டு வந்தியா? நல்லது. கொன்ராட், நீ அப்புறம் கையெழுத்துப் போடு. முதல்ல இவங்க ஆரம்பிக்கட்டும். ஒரு நாள்கூட வீணாக்க முடியாது."

"அம்மா, நான் ஒண்ணு..."

"சாப்பிட்டுக்கிட்டே சொல்லலாம். ஹன்னி, அக்காகிட்ட அந்தக் கணக்கைக் காட்டு. முக்கால் மணி நேரமா முட்டிக்கிட்டு இருக்கா, எனக்கும் வரல."

ஹன்னி புத்தகத்தைத் தள்ளினாள். கண் சிவந்திருந்தது. ஒரு பண்ணையில் கோழிகளும் முயல்களும். மொத்தம் பத்துத் தலை, இருபத்தெட்டுக் கால். கோழி எத்தனை, முயல் எத்தனை?

வெரோனிகா நின்றபடியே பார்த்தாள். பிறகு தலையணையை நாற்காலியில் வைத்துவிட்டு, தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கணக்கை விடு. பத்து வட்டம் போடு."

"எதுக்கு?"

"பத்துத் தலை. கோழியா முயலான்னு நமக்குத் தெரியாது. இருட்டுல தூங்குதுங்க. போட்டியா? இப்போ ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கால் வரை. ரெண்டு காலாவது எல்லாத்துக்கும் இருக்கும் இல்ல?"

ஹன்னி வரைந்தாள். "இருபது கால்."

"நமக்கு எத்தனை கொடுத்தாங்க?"

"இருபத்தெட்டு. எட்டு மிச்சம்."

"மிச்சத்தை என்ன பண்ணலாம்? தூக்கிப் போட்டுடலாமா?"

"ஐயோ, வேண்டாம். யாருக்கோ கால் இல்லாமப் போயிடும்." ஹன்னி வட்டங்களைப் பார்த்தாள். பென்சில் தானாக நகர்ந்தது. ஒரு வட்டத்துக்கு இரண்டு கால். அடுத்ததற்கு இரண்டு. அடுத்தது. அடுத்தது. "தீர்ந்துடுச்சு. நாலு பேருக்கு நாலு கால். அப்போ நாலு முயல்! ஆறு கோழி!"

"சரியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பன்னண்டும் பதினாறும் இருபத்தெட்டு. சரி!" காலையிலிருந்து முதன்முறையாக ஹன்னி சிரித்தாள். ஒரு வட்டத்துக்கு நீண்ட காதுகளும் வரைந்தாள்.

அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மரியோனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பார்த்தியா கொன்ராட்? முக்கால் மணி நேரம் நான் கத்தினது. இவ ரெண்டு நிமிஷத்துல... வ்ரோனி, நீ டீச்சராவே பொறந்தவடி."

வெரோனிகா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நான் டீச்சர் ஆக முடியாது."

"என்ன?"

"மூணாவது தடவையும் ஃபெயில். பேரை எடுத்துட்டாங்க. மஞ்சள் கடிதாசி வந்திருக்கு, அப்பா கொடுத்தார்."

மரியோன் முதலில் கொன்ராட்டைப் பார்த்தாள். அவன் கீழே பார்த்தான். அப்போதுதான் அவளுக்கு இது வேடிக்கைப் பேச்சு இல்லை என்று தெரிந்தது.

அடுப்பை அணைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"வேற ஊர்ல சேரு. மியூனிக்ல, இல்ல வடக்கே எங்கயாவது."

"எங்கேயும் முடியாதும்மா."

"உனக்கு அன்னைக்கு உடம்பு சரியில்ல."

"அம்மா..."

"காய்ச்சல் இருந்துச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு. டாக்டர்கிட்ட நான் கேட்கறேன். ஒரு சர்ட்டிஃபிகேட். முப்பது வருஷத்துல அவர்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. தேதி மட்டும் சொல்லு, நானே எழுதி முத்திரை..." சட்டென்று நிறுத்தினாள். தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே கேட்டுவிட்டது.

"ரிசல்ட் வந்தப்புறம் கொடுத்தா செல்லாதும்மா" என்றாள் வெரோனிகா மெதுவாக. "நான் அதையும் விசாரிச்சேன்."

மரியோன் கைத்துணியை மடித்துக் கம்பியில் மாட்டினாள்.

"சரி" என்றாள் மரியோன் கடைசியில். குரல் மாறியிருந்தது, மேஜையைத் துடைக்கிற குரலாக. "சரி. அதை அப்புறம் பார்ப்போம். ஹன்னி, அடுத்த கணக்கு. கொன்ராட், இந்தா பேனா. கையெழுத்துப் போடு."

கொன்ராட் பேனாவை வாங்கவில்லை.

"நான் போட மாட்டேன்."

"என்ன சொன்ன?"

"ஒரு பிள்ளையை அனுப்பினோம். பதிமூணு வருஷம். சிரிச்சுக்கிட்டுப் போச்சு. இன்னைக்கு ரயில் நிலையத்துல தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இறங்குச்சு. இந்தப் பிள்ளையை அங்க நான் அனுப்ப மாட்டேன். ரியால்ஷூலேவுக்குப் போகட்டும். நான் அதுக்கும் கீழே படிச்சவன்தான். செத்தா போயிட்டேன்?"

"நீயா? நீ பதினஞ்சு வயசுல தபால் பையைத் தோள்ல மாட்டினே. இன்னும் கழற்றல. மழையிலயும் பனியிலயும் நாய் துரத்த ஓடறே. முழங்கால் போச்சு, முதுகு போச்சு. அதுதான் இவளுக்கும் வேணும்னு சொல்றியா?"

"மரியோன், பிள்ளைங்க முன்னால..."

"கேட்கட்டும்! எங்க அப்பாவும் இப்படித்தான். வேண்டாம்னு ஒரு வார்த்தை. அவருக்கு ஒரு வார்த்தை, எனக்கு முப்பது வருஷம். அதே வார்த்தையை நீ சொல்றே, அதே ஊர்ல, இன்னொரு பத்து வயசுப் பொண்ணுக்கு."

கொன்ராட்டின் காது சிவந்தது. இருபத்தைந்து வருஷத்தில் அவள் தன் அப்பாவோடு அவனை ஒப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"என்னாலதான் எல்லாம்" என்றாள் வெரோனிகா.

"நீ சும்மா இரு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"அக்கா."

மூவரும் திரும்பினார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பதை யாரும் நினைக்கவில்லை. ஹன்னி அழவில்லை. விண்ணப்பத்தைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்து, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு மூணு தடவை கொடுத்தாங்களா?"

"ம்."

"எனக்கு எத்தனை தடவை?"

வெரோனிகா அம்மாவைப் பார்த்தாள். மரியோன் சன்னலைப் பார்த்தாள்.

"ஒரு தடவைடா" என்றாள் வெரோனிகா.

ஹன்னி தலையசைத்தாள். அவளுடைய விரல் தாளின் அடியில், அப்பாவின் வெற்றுக் கோட்டில் வந்து நின்றது.

"அப்பா கையெழுத்துப் போடலைன்னா?"

"அப்போ அதுவும் இல்ல."

பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், கடைக்காரரிடம் விலை கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள்:

"நான் எதை வேணும்னு சொன்னா நீங்க மூணு பேரும் சண்டையை நிறுத்துவீங்க?"

கொன்ராட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். மரியோன் உட்காரவில்லை. பேனா இன்னும் அவள் கையில், அவன் பக்கமாக நீண்டபடியே இருந்தது.